மியூசிக் பேண்டை விட்டு வரப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு சுகர் கட்டுக்குள் இருக்கிறது, மூட்டு வலிதான் படுத்துகிறது. போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்றே முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா இதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். வேனில் போகும்போது படிக்காதே, ரூமுக்கு வந்து படி.

நீ பேண்டை விட்டுவிட்டுத் தனியாகப் பாடப் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது, வாய் திறந்து சொல்லமாட்டார். "அவன் பாட்டை அவன் பாடட்டும்" என்று சொல்லிவிட்டு டோலக்கை எடுத்து வைத்து நட்டு போல்ட்டை முறுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு இருக்கும் கவலை வேறு. நீ போகலாமா கூடாதா என்பது இல்லை, எப்படிப் போகப் போகிறாய் என்பதுதான்.

நான் மேடை ஏறியவள் இல்லை. ஆனால் அப்பா பாட்டுக் கச்சேரி ட்ரூப் நடத்திய காலம் முழுக்க கணக்கு நோட்டு என் கையில்தான் இருந்தது. வேன், டீசல், டிபன், மைக்செட் பையனுக்குப் பேட்டா, பாடுகிற பெண்ணை வீட்டில் கொண்டுபோய் விடுகிற ஆட்டோ வரைக்கும் எழுதியிருக்கிறேன். பங்குனியில் ஆரம்பித்தால் ஆடி வரைக்கும் கோயில் திருவிழாக்கள். ஆவணியில் முகூர்த்தம் கொஞ்சம் கை கொடுக்கும். புரட்டாசியில் நோட்டு காலியாகக் கிடக்கும். மார்கழியில் கல்யாணமே கிடையாது, அய்யப்பன் பாட்டு பாடத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்வார்கள். கமிட்டிக்காரர்களிடம் பாக்கியைக் கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே வாங்கிவிட வேண்டும். கூட்டம் கலைந்து பந்தல் பிரிக்க ஆரம்பித்துவிட்டால், "தலைவர் வீட்டுக்குப் போயிட்டாரு, காலையில வாங்க" என்பார்கள். அதனால் நாலு பாட்டு இருக்கும்போதே அப்பா டோலக்கைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு மேடைக்குப் பின்னால் இறங்கிப் போவார். அவர் திரும்பி வந்து கண்ணைக் காட்டினால்தான் கடைசிப் பாட்டு.

அப்பாவும் உன்னைப் போல ஒரு பெரிய ட்ரூப்பிலிருந்து பிரிந்து வந்தவர்தான். அது உனக்குத் தெரியும். எந்த நேரத்தில் பிரிந்தார் என்பதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். தை மாதமே முடிவு பண்ணிவிட்டார். அதற்குள் அந்த லீடர் ஆடி வரைக்கும் அட்வான்ஸ் வாங்கி வைத்திருந்தார். ஒரு நிகழ்ச்சி பாக்கி இல்லாமல் எல்லாவற்றையும் வாசித்துக் கொடுத்துவிட்டு, தன் இடத்துக்கு ஒரு பையனைப் பழக்கியும் விட்டுத்தான் வெளியே வந்தார். எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நோட்டைப் பார்த்தால் தெரியும். சித்திரையில் ஒரே ராத்திரிக்கு இரண்டு ஊரில் கூப்பிடுவார்கள். இரண்டு இடத்தில் ஒரு ட்ரூப் வாசிக்க முடியாதே. அந்த லீடர் இரண்டாவது ஊரை நம் பக்கம் தள்ளிவிடுவார். எங்கள் முதல் வருஷத்து வரவில் பாதிக்கு மேல் இப்படி வந்தது.

நீதான் ஒரு தடவை சொன்னாய், ஜெனிசிஸ் என்று ஒரு ஆங்கில பேண்டு, அதில் பீட்டர் கேப்ரியல் என்று ஒரு பாடகர் என்று. சுற்றுப்பயணத்துக்கு நடுவிலேயே விலகுவதென்று முடிவெடுத்துவிட்டார், ஆனாலும் 1975-ல் அந்தப் பயணம் முடியும்வரை பாடிக் கொடுத்துவிட்டுத்தான் போனார் என்றாய். அவருடைய முதல் தனி ஆல்பம் 1977-ல் வந்தது. பிறகு 1982-ல் பல நாட்டு இசைக்காரர்களை வைத்து வோமாட் என்று ஒரு விழா நடத்தி பெரிய நஷ்டத்தில் மாட்டிக்கொண்டார். அந்தக் கடனை அடைக்க அதே வருஷம் அக்டோபரில் பழைய பேண்டுக்காரர்கள் அவரோடு மேடை ஏறிப் பாடிக் கொடுத்தார்கள். கதையாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாய். நான் அதைக் கணக்காகத்தான் கேட்டுக்கொண்டேன். ஏழு வருஷம் கழித்து போன் பண்ணினால் எடுக்கிறார்கள் என்றால், போகும்போது அவர் எப்படிப் போயிருக்க வேண்டும்!

ஆகவே, காலேஜ் கல்ச்சுரல்ஸ், கம்பெனி ஷோ, எதற்கெல்லாம் உங்கள் பேண்டு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறதோ அத்தனையும் முடித்துக் கொடு. முதலில் டிரம்ஸ் தம்பியிடம் நேரில் உட்கார்ந்து சொல். அவன்தான் வண்டிக்கு இஎம்ஐ கட்டிக்கொண்டிருக்கிறான். நீ போனால் அவன் வருமானம் ஆடிப்போகும். இன்ஸ்டாகிராமைப் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. உன் இடத்தில் வாசிக்கப் போகிறவனுக்கு ஒவ்வொரு பாட்டுக்கும் கிடார் கழுத்தில் மாட்டுகிற கேப்போ எங்கே, எந்த டோன், எங்கே நிறுத்துவது என்று எழுதிக் கொடு. எல்லோருக்கும் தெரிவிக்கிற அன்றைக்கு இரண்டு வரி போதும். "கலை வேறுபாடு" அது இதென்று எழுதாதே. அப்படி எழுதினால் சண்டை என்றுதான் ஊர் படிக்கும்.

அடுத்தது பாட்டு யாருடையது என்பது. இதைச் சின்ன மாமாவிடம் கேட்டேன். வக்கீலைச் சொந்தத்தில் வைத்துக்கொண்டு வெளியே எதற்குக் கேட்க வேண்டும்? ஒரு பாட்டில் வரி ஒரு உரிமை, மெட்டு ஒரு உரிமை, ஒலிப்பதிவு தனி உரிமையாம். வரி உன்னுடையது, சந்தேகமில்லை. மெட்டை நாலு பேர் ரிகர்சலில் உட்கார்ந்து உருட்டியிருந்தால் நாலு பேருக்கும் அதில் பங்கு கேட்க இடம் உண்டு. ஒலிப்பதிவு, செலவு பண்ணி எடுத்தவர் கைக்குப் போகும். உரிமையை எழுதிக் கொடுப்பதென்றால் கையெழுத்துப் போட்ட எழுத்தாக இருந்தால்தான் சட்டத்தில் செல்லும், வாய் வார்த்தை நிற்காது. எத்தனை வருஷத்துக்கு என்று எழுதாமல் விட்டால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள், எந்த இடத்துக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். 2012-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உள்ள ராயல்டிப் பங்கை ஒரு கம்பெனி மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்றும் சொன்னார். அதை வசூலித்துத் தருகிற ஐபிஆர்எஸ் என்கிற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. நீ அதில் சேர்ந்துவிட்டாயா?

ஒரு பேப்பரில் பாட்டுப் பேர்களை வரிசையாக எழுது. ஒவ்வொன்றுக்கும் எதிரே வரி யார், மெட்டு யார், ரெக்கார்டிங்குக்குப் பணம் யார் கொடுத்தது என்று எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கு. பேண்டு பேரையும் யூடியூப் சேனலையும் அவர்களுக்கே விட்டுவிடு. கசக்கும், பரவாயில்லை.

அந்தப் பேர் இல்லாமல் நீ யார் என்று கேட்பார்கள், அதற்குத் தயாராக இரு. அப்பா தனி ட்ரூப் என்று போய் நின்றபோது கமிட்டிக்காரர்கள் "எந்த ட்ரூப்பு?" என்றுதான் கேட்டார்கள். அத்தனை வருஷம் நோட்டீஸில் ட்ரூப் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது, அப்பா "மற்றும் குழுவினர்" என்பதற்குள் இருந்தார். மைதானத்தில் கைதட்டிய கூட்டம் பேண்டுக்குத்தான் தட்டியது. அதில் எத்தனை பேர் உன் பின்னால் வருவார்கள் என்று இப்போதே கணக்குப் போடாதே. அக்கா சொன்னாள், ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவை ஓடாவிட்டால் அந்தப் பாட்டுக்குக் காசே கிடையாதாம், 2024-லிருந்து அப்படி. ஆயிரம் தாண்டினாலும் வருகிற பணம் டீச்செலவுக்குத்தான்.

உன் பெரியப்பா போன் பண்ணி, "இளையராஜாவும் அண்ணன் ட்ரூப்பை விட்டுட்டுத்தானே மெட்ராஸ் போனாரு" என்கிறார். அவர் ஊரான பண்ணைப்புரம் நமக்கு எட்டிப்பிடிக்கிற தூரம் என்பதால் எல்லோருக்கும் இந்தக் கதை அத்துப்படி. அண்ணன் பாவலர் வரதராசன் குழுவில் ஊர் ஊராகப் போனது வரைக்கும் சொல்வார்கள், அடுத்த வரியிலேயே 1976-ல் முதல் படம் என்பார்கள். நடுவில் இருக்கிற வருஷங்களைச் சொல்லமாட்டார்கள். மெட்ராஸில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டார், அடுத்தவர் ரெக்கார்டிங்கில் கிடார் வாசித்தார், இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ரகுமானும் 1992-க்கு முன்னால் பல இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தவர், விளம்பரங்களுக்கு மெட்டுப் போட்டவர். அவர்களே அடுத்தவருக்கு வாசித்துக்கொண்டுதான் வந்தார்கள். உனக்கும் அப்படி அடுத்தவர் ரெக்கார்டிங்கில் வாசிக்கிற செஷன் வந்தால் "நான் இப்போ சோலோ" என்று தட்டிக்கழிக்காதே. கிடார் வகுப்பு எடுக்கச் சொல்கிறார்களாமே, எடு. வாடகை அதில் போகட்டும், பாட்டைப் பணத்துக்காக அவசரப்படுத்தாமல் இருக்கலாம்.

இதற்கு முன் பேண்டு சார்பில் யாரோ ஒருவர் செய்த வேலையெல்லாம் இனி உன்னுடையது. சவுண்ட் ஆளுக்குப் போன் போடுவது, பில் அனுப்புவது, கச்சேரிப் பணத்தில் வரியாகப் பிடித்தம் செய்த 10 சதவீத டிடிஎஸ் உன் பான் நம்பரில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. அந்தப் பணத்தை வருமான வரிக் கணக்குத் தாக்கல் பண்ணினால்தான் திரும்பக் கேட்க முடியும். நீ இதையெல்லாம் விட்டுவிடுகிற ஆள் என்று எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் பில்லையெல்லாம் எனக்கு அனுப்பு, நான் எழுதி வைக்கிறேன். கை இன்னும் பழக்கத்தில்தான் இருக்கிறது.

நீ புதிதாக எழுதிய பாட்டுகளில் எனக்கு அந்த வைகை பற்றியது பிடித்திருக்கிறது. சரணத்தில் மூச்சு வாங்குகிறாய், அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் பார். மற்றது, இங்கிலீஷ் கலந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறதாம், அவரிடமே கேட்டுக்கொள்.

ஒரு விஷயம், அக்காவுக்கும் தெரியாது. மூன்று மாத வாடகைக்குப் பணம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கேட்டால் தருவேன், அதற்கு மேல் கிடையாது. கொடுத்ததை உன் பேரில் நோட்டில் பற்று எழுதுவேன், முதல் கச்சேரிப் பணத்தில் கழித்துக்கொள்வேன். உன் பேங்க் ஐஎஃப்எஸ்சி நம்பர் மாறிவிட்டது என்றாயே, புதிதை அனுப்பு.

இப்படிக்கு,
அம்மா