‘முயல் முதல் யானை வரை கவலையின்றி’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் பயணப் பக்கத்தில் வந்த ஆப்பிரிக்க வேட்டைக் கட்டுரையைப் புளோக்குக்குக் கீழே கோப்பிக்கடையில் உட்கார்ந்து படித்தேன். பாதியில் ஒரு வாக்கியம் வந்தது. அதற்கப்புறம் கோப்பி ஆறிப்போய்விட்டது. “.375 ரகத்தில் ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா வைத்திருந்தால் முயல் முதல் யானை வரை கவலையின்றி வேட்டையாடலாம்.” மற்றதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் ‘கவலையின்றி’ மட்டும் தொண்டையில் நிற்கிறது.

முதலில் அந்தத் துப்பாக்கியை எங்கே வைத்துக்கொள்வதாம்? என் வீவக அடுக்குமாடி வீட்டில் காலணி அடுக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே வைக்கலாமா? சிங்கப்பூரில் துப்பாக்கிச் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று ஆசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சரி, ஊர் சுற்றப் போகிறவர்களுக்காக எழுதியது, அங்கே போய் வாடகைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. வாழ்நாளில் ஒரு பன்றியைக்கூடச் சுடாத ஒருவர், உங்கள் பக்கத்தைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுவார்.

கட்டுரையின் இன்னோர் இடத்தில் அதே துப்பாக்கி ‘375 மில்லிமீட்டர்’ ஆகிவிட்டது. .375 என்பது குண்டின் குறுக்களவு, அங்குலக் கணக்கு, ஐயா. மில்லிமீட்டரில் சொன்னால் ஒன்பதரை. 375 மில்லிமீட்டர் வாய் உள்ள குழல் வேண்டுமென்றால் ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். சாங்கிக்குப் போனால் போதும். அங்கே ஜோகூர் பீரங்கித்தளத்தில் பிரிட்டிஷார் வைத்திருந்த பெரிய பீரங்கிகள் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். இப்போது நிற்பது மாதிரிப் பீரங்கிதான். பள்ளிப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். முயல் சுட வாட்டமாக இருக்கும்.

பீரங்கிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அந்தப் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, திரும்பவே இல்லை என்று நம் ஊரில் பலர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் பத்திரிகையும் ஒருமுறை அப்படித்தான் எழுதியது. அதற்கும் கடிதம் போட்டேன், வரவில்லை. 1942-இல் ஜப்பானியர் தரைவழியாக வந்தபோது அவற்றில் சில திரும்பின, தரைப் பக்கம் சுடவும் செய்தன. பெரும்பாலும் கையில் இருந்தவை கப்பலின் இரும்புத் தகட்டைத் துளைக்கச் செய்த குண்டுகள். கப்பலுக்கென்று செய்ததைத் தரையில் வரும் சிப்பாய்கள் மேல் சுட்டால் என்ன ஆகும்? மண்ணுக்குள் ஆழமாகப் புதைந்துபோகும். பீரங்கி நல்ல பீரங்கிதான். குண்டுதான் வேறு வேலைக்கானது.

வேட்டைத் துப்பாக்கியிலும் இதே கதைதான், உங்கள் கட்டுரையாளருக்கு யாரும் சொல்லவில்லை போலும். மான் வகைக்குப் போடுவது முனையில் ஈயம் தெரியும் குண்டு. உடம்புக்குள் போனதும் காளான் மாதிரி விரியும். யானைக்குப் போடுவது முழுக்க உலோகம் போர்த்திய குண்டு. அது விரியக் கூடாது, எலும்பைத் துளைத்துக்கொண்டு நேராகப் போக வேண்டும். முன்னதை யானையின் மண்டையில் சுட்டால் வழியிலேயே நின்றுவிடும், அப்புறம் யானை உங்களை வந்து விசாரிக்கும். பின்னதை மானில் சுட்டால் ஊசி போல ஒரு துளை போட்டு மறுபக்கம் வெளியேறும். மான் ஓடிவிடும், எங்கேயோ போய் விழும். ஆகையால் ஒரே துப்பாக்கி என்பதைக்கூட ஒப்புக்கொள்ளலாம். ‘ஒரே தோட்டா’ என்பது பொய்.

தோட்டாவும் குண்டும் ஒன்று என்று நினைத்து எழுதினால் இப்படித்தான் ஆகும். தோட்டா என்பது ஓடு, மருந்து, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பு, முன்னால் உள்ள குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு பறந்து போகும், ஓடு கீழே விழும். இது தேசிய சேவை செய்த எந்தப் பையனுக்கும் தெரியும். எங்கள் காலத்தில் எம்16 துப்பாக்கி. சுட்டு முடித்ததும் ஓடுகளைப் பொறுக்கி எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அத்தனை பேரும் லாலான் புல்லில் மண்டியிட்டுத் தேட வேண்டும். எல்லாம் முடிந்து, என்னிடம் உயிர்த் தோட்டாவும் இல்லை, வெற்று ஓடும் இல்லை என்று அதிகாரி முன்னால் உரக்கச் சொன்ன பிறகுதான் லாரியில் ஏற விடுவார்கள். உங்கள் அலுவலகத்தில் அந்த வரிசையில் நின்ற ஒருவர்கூட இல்லையா?

அப்புறம் குண்டுக்கு நீங்கள் போட்ட அந்த ‘300 தானிய எடை’. இதைப் படித்துவிட்டு என் மனைவி, “துப்பாக்கிக்குக் கேழ்வரகா போடுவார்கள்?” என்று கேட்டாள். கிரெய்ன் என்பது எடை அளவு. ஒரு கிராமுக்குப் பதினைந்தரை கிரெய்ன். ஆதியில் தானிய மணியை வைத்து வந்த கணக்குதான், மறுக்கவில்லை. நம் தட்டார்கள் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்தது போல. அதற்காகச் சிராங்கூன் சாலை நகைக்கடையில் போய் ‘இந்தச் சங்கிலி எத்தனை விதை?’ என்று யாரும் கேட்பதில்லையே. 300 கிரெய்ன் என்றால் 19 கிராமுக்குச் சற்று மேல்.

இதெல்லாம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நான் பிறந்தது மலேசியாவில் குளுவாங் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தோட்டத்துக் கணக்கர் கிராணியார் வீட்டில் ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. பன்றி விழுந்த அன்று லயம் முழுவதும் மணக்கும். ஆனால் நான் வேட்டை கற்றது பிற்பாடு, வேலைக்காக ஆஸ்திரேலியா போய் மெல்பர்னில் குடியிருந்த பதினான்கு வருடங்களில். அந்த விக்டோரியா மாநில மலைக்காடுகளில் திரிவது நம் ஊர் மிளா. நீங்கள் அச்சிட்ட ‘சாம்பார் மான்’ இல்லை, மிளா. கடமான் என்றும் சொல்வார்கள். 1860-களில் இந்தியா, இலங்கைப் பக்கமிருந்து கப்பலில் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள். குற்றாலத்தில் மிளாவைப் பார்த்தவர்கள் உங்கள் வாசகர்களில் இருப்பார்கள். அவர்களுக்கு இட்லிக்குத் தொட்டுக்கொள்வதைக் காட்டுகிறீர்கள்.

நான் அங்கே இருந்தபோது சட்டப்படி மிளாவுக்குக் குறைந்தது .270, குண்டு 130 கிரெய்ன். நான் என்ன செய்தேன்? உங்கள் கட்டுரையாளரைப் போன்ற ஒருவர் பேச்சைக் கேட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று நேராக ஒரு .375 வாங்கினேன். அதன் உதை .30-06 என்ற இன்னொரு வேட்டை ரகத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்துத் தோட்டா சுட்டதில் தோள் கன்றிப்போனது. அதைவிடக் கெட்டது, கண் கற்றுக்கொண்டது. விசையைத் தொடும்போதே கண் தானாக மூடும், கை தானாக இழுக்கும். டார்கோ பக்கம் ஒரு சரிவில் எழுபது மீட்டருக்குள் ஒரு மிளாப் பிணை நின்றது. கல்லெறிந்தாலே படும் தூரம். வயிற்றில் சுட்டேன்.

இருட்டும் வரை தேடினோம். மறுநாள் நண்பரின் நாய்தான் கண்டுபிடித்தது, ஓடையோரத்தில், மதியம் ஆகிவிட்டது. அதற்கு அப்போதும் உயிர் இருந்தது. கவலையின்றி என்று எழுதியவரை அந்த ஓடையோரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வைக்க ஆசை.

அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டு .30-06 வாங்கினேன், 180 கிரெய்ன் குண்டோடு. .30 என்பது குறுக்களவு, 06 என்பது 1906, அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற வருடம். நீங்கள் போட்டது போல ‘30 முதல் 6 மில்லிமீட்டர் வரை’ இல்லை. அதற்குப் பிறகு ஊர் திரும்பும் வரை ஒரு விலங்கையும் காயத்தோடு ஓட விட்டதில்லை.

.375-ஐக் குறை சொல்லவில்லை. 1912-இல் லண்டனில் ஹாலந்து அண்ட் ஹாலந்து என்ற துப்பாக்கி நிறுவனம் செய்தது, நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் எருமைக்கும் யானைக்கும் அதற்குக் கீழே அனுமதியே இல்லை. எருமை பட்டியலில் இருக்கிறது, ஒன்றே ஒன்றுதான் கொண்டுபோக முடியும் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். கண்ணை மூடாமல் சுடப் பழகிவிட்டு வாருங்கள் என்றும் சேர்த்துச் சொல்வேன். எருமையையும் யானையையும் நேரில் பார்க்கப் போகாதவனுக்கு .30-06 தாராளம். முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்கா போனபோது ஒரு .30-06, ஒரு .405 வின்செஸ்டர், பெரிய மிருகங்களுக்கு ஓர் இரட்டைக்குழல் ரைபிள் என்று கொண்டுபோனார். ‘ஒரே துப்பாக்கி போதும்’ என்ற ரகசியம் பாவம் அவருக்குத் தெரியவில்லை. பெல் என்ற வேட்டைக்காரர் சின்ன 7 மில்லிமீட்டர் ரைபிளாலேயே நூற்றுக்கணக்கில் யானைகளைச் சாய்த்தாரே என்று யாராவது மறுகடிதம் எழுதுவார்கள். அவர் யானை மண்டையை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று படித்தவர். போட்டது விரியாத குண்டு. அவருக்கும் கவலை இருந்தது என்றுதான் தெரிகிறது.

கோபத்தில் நீளமாகப் போய்விட்டது, மன்னியுங்கள். நீங்கள் எப்படியும் வெட்டுவீர்கள். ராஃபிள்ஸ் ஹோட்டல் புலியைப் பற்றி நான் எழுதியபோதும் அப்படித்தான். பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலி என்று போட்டிருந்தீர்கள். 1902-இல் அந்தப் புலி கிடந்தது தூண்கள் மேல் நின்ற பில்லியர்ட்ஸ் கட்டடத்துக்கு அடியில், அது காட்டுப் புலியும் இல்லை, வித்தைக்காரர்களிடமிருந்து தப்பியது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். ‘புலி பற்றிய தகவல் சுவையாக இருந்தது’ என்று ஒரு வரி போட்டு, அடியில் என் பெயரையும் தப்பாக அடித்தீர்கள். நான் பாராட்டியது போல ஆகிவிட்டது.

இந்த முறை கேட்பது இரண்டு வரி. ‘தானியம்’ இருக்கும் இடத்தில் கிரெய்ன், ‘சாம்பார் மான்’ இருக்கும் இடத்தில் மிளா என்று ஒரு திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பில் அந்தக் ‘கவலையின்றி’யை மட்டும் எடுத்துவிடுங்கள், வேறு சொல் போட வேண்டாம், வாக்கியம் அது இல்லாமலே நிற்கும். பெயரைப் போட வேண்டாம், இரண்டு முறை தப்பாகப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகர்