லூலியோ பெண்கள் ஹாக்கி அணிக்குத் தோள் கொடுத்த எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம். வட ஸ்வீடனில் நம் லூலியோ ஊரின் பெண்கள் ஐஸ் ஹாக்கி சீசன் முடிந்துவிட்டது. அரீனாவில் பார்த்தவர்களுக்கெல்லாம் ஸ்வீடிஷில் நன்றி சொன்னேன், ஆனால் மனசில் இருப்பது அதில் முழுசாக வரவில்லை. அதனால் தமிழில் உட்கார்ந்து எழுதுகிறேன். படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்லிவிடுங்கள், அது போதும்.

முதலில் இந்த ஊரில் இருக்கும் நம் தமிழ் வீடுகளுக்கு. என் மகள் விளையாடும் சிறுமியர் அணிக்காக டாய்லெட் பேப்பர் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நின்றபோது, வீட்டில் ஏற்கெனவே இருந்தும் மறுபடி வாங்கினீர்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த சிலருக்கு இது விநோதமாகத் தெரிந்திருக்கும். ஸ்வீடனில் விளையாட்டு கிளப் என்பது பெரும்பாலும் உறுப்பினர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்தான், பிள்ளைகளின் போட்டிப் பயணத்துக்கும் பயிற்சி முகாமுக்கும் பணம் வேண்டுமென்றால் டாய்லெட் பேப்பர், சாக்ஸ், பிஸ்கட், லாட்டரிச் சீட்டு என்று எதையாவது விற்றுத்தான் சேர்க்க வேண்டும். நீங்கள் வாங்கிய ஒவ்வொரு மூட்டையும் ஏதோ ஒரு பெண் குழந்தையை ஐஸில் இறக்கியிருக்கிறது. நன்றி.

அப்புறம் பிரிட்டிட்ஸ்பாங்கனில் வேலை செய்பவர்களுக்கு. 2013ல் வெர்ம்லாந்து பக்கம் டேயெ என்ற சின்ன ஊரில் தொடங்கிய யோசனை அது. நூலகத்தில் புத்தகம் எடுப்பது போல ஸ்கேட், ஹெல்மெட், பனிச்சறுக்குப் பலகை எதை வேண்டுமானாலும் 14 நாளைக்கு இலவசமாக எடுத்துப் போகலாம், யாரும் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை. ஐஸ் ஹாக்கி செலவு பிடித்த விளையாட்டு, அதுவும் குழந்தையின் கால் வருடத்துக்கு வருடம் வளரும்போது. என் மகள் முதன்முதலில் காலில் மாட்டிய ஸ்கேட் அங்கிருந்து வந்ததுதான். பிடித்துப்போனதும்தான் சொந்தமாக வாங்கினோம். அந்த ஒரு வாய்ப்பு இல்லாமல் இருந்தால் நாங்கள் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம்.

பெரிய அக்காக்களின் அணியைப் பற்றி என்ன சொல்ல! பக்கத்து ஊர் பீத்தியோவின் முங்க்சுண்ட்-ஸ்கூத்தாம் கிளப்போடு 2015ல் லூலியோ கைகோத்தது, அடுத்த வருடமே சாம்பியன். அதிலிருந்து 2016, 2018, 2019, 2021, 2022, 2023, 2024 என்று ஏழு முறை ஸ்வீடன் பட்டம். 2020ல் கொரோனா வந்து இறுதிப் போட்டிகள் பாதியில் நின்றன, பட்டம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலை எடுத்துச் சொல்கிறவர்கள் பலர் பீத்தியோக்காரர்களை மறந்துவிடுகிறார்கள். பெண்கள் ஹாக்கியை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத காலத்தில் ஒரு சின்ன கிளப்பில் அணி வைத்து, அதைக் கலைந்துபோக விடாமல் பிடித்துவைத்தவர்கள் அவர்கள். பெரிய கிளப்பின் பெயரும் அரங்கமும் பின்னால்தான் வந்து சேர்ந்தன. உங்களுக்குத் தலை வணங்குகிறேன்.

பின்லாந்துப் பெண்களுக்கும் சொல்ல வேண்டும். எல்லை இங்கிருந்து 130 கிலோமீட்டர்தான், அதனால் லூலியோ அவர்களுக்கும் கிட்டத்தட்ட உள்ளூர் மாதிரி. யென்னி ஹீரிகோஸ்கி, மிஷெல் கார்வினென், பெத்ரா நியமினென் போன்றவர்கள் இங்கே வந்து விளையாடியதால்தான் எங்கள் பிள்ளைகள் உலகத் தரம் என்றால் என்ன என்பதைச் சொந்த ஊரிலேயே பார்த்தார்கள். ஹீரிகோஸ்கி பின்னால் நின்று பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) எடுத்து, தலையை நிமிர்த்தி, அவசரமே படாமல் ஆள் பார்த்துக் கொடுக்கும் விதத்தை என் மகள் வீட்டுக் கூடத்தில் டென்னிஸ் பந்தை வைத்துப் பயிற்சி செய்கிறாள். டிவியில் பார்த்து வருவதில்லை அது, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நேரில் பார்த்து வருவது.

இன்னொரு நன்றி கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2019 ஆகஸ்டில் ஸ்வீடன் தேசிய அணிக்கு அழைக்கப்பட்ட 43 பெண்கள் ஒன்றாகச் சேர்ந்து வர மாட்டோம் என்றார்கள். அந்த வசந்தத்தில்தான் பின்லாந்தின் எஸ்போவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்வீடன் முதல்முறையாக மேல் பிரிவிலிருந்து கீழே இறங்கியிருந்தது, 2006 டூரின் ஒலிம்பிக்கில் அமெரிக்காவை ஷூட்டவுட்டில் வீழ்த்தி வெள்ளி வாங்கிய நாடு! சம்பள இழப்புக்கு ஈடு, பயண ஏற்பாடு, சாப்பாடு, பெண்களுக்கென்று தைத்த உடைகள் என்று அவர்கள் கேட்டது எல்லாமே அடிப்படைத் தேவைகள். எதிர்காலத்துக்காக என்றுதான் அந்தப் போராட்டத்துக்கே பெயர் வைத்தார்கள். இலையுதிர் காலத்தில் ஸ்வீடன் ஐஸ் ஹாக்கி சங்கத்தோடு ஒப்பந்தம் ஆனது. தேசிய அணிச் சட்டையை வேண்டாம் என்று சொல்வது ஒரு வீராங்கனைக்கு எவ்வளவு கடினம் என்பது விளையாட்டு வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், விளையாடும் வயதே கொஞ்ச வருடம்தான். அந்த 43 பேருக்கும், எந்தக் கிளப்பைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி, எதிரணியாகவே இருந்தாலும் சரி, ஒரு தாயாக என் நன்றி.

சரி, நம் ஆட்களுக்கு வருகிறேன். பயணம் பற்றி வெளியே அதிகம் தெரியாது. எங்களுக்கு "பக்கத்து" எதிரணிகளில் ஒன்றான மோடோவே 350 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஸ்டாக்ஹோம் 900, அதற்கும் தெற்கே யொன்ஷோப்பிங். பத்து அணிகள், ஒரு அணிக்கு 36 லீக் ஆட்டம், அதில் பாதி வெளியூரில். பனி கொட்டும் ராத்திரியில் பஸ் ஓட்டிப் பிள்ளைகளைப் பத்திரமாக வீடு சேர்த்த ஓட்டுநர்களே, அப்பா அம்மா எல்லாரும் தூங்காமல் உங்களை நம்பித்தான் இருந்தோம். உபகரணப் பொறுப்பாளர்களே, கத்தி தீட்டிய ஸ்கேட்டுகளை வரிசையாக அடுக்கி, ஈரக் கையுறையைக் காயவைத்து, எல்லாரும் போன பிறகும் நீங்கள் மட்டும் உடைமாற்றும் அறையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐஸ் வண்டி ஓட்டும் ஐயாவுக்குத் தனியாக ஒரு வரி. இடைவேளையில் மேல்பரப்பைச் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டு, அது உறைந்து வழவழப்பாகும்போது சின்னப் பிள்ளைகள் எல்லாம் தடுப்பில் ஒட்டிக்கொண்டு பார்க்கும், நீங்கள் ஒவ்வொரு சுற்றிலும் மறக்காமல் கை காட்டுவீர்கள்.

ஸ்கோர் மேசையில் கடிகாரத்தை நிறுத்தி ஓடவிடுபவர், தண்டனை பெற்ற வீராங்கனை உட்காரும் பெட்டியின் கதவைத் திறந்து மூடுபவர், அடிபட்டால் ஓடிவரும் பிசியோ (2022-23 சீசனிலிருந்து உடலால் மோதி ஆடவும் அனுமதி வந்துவிட்டதால் இவருக்கு வேலை கூடிப்போனது என்பது என் எண்ணம்), கேன்டீனில் காபி ஊற்றி ஹாட் டாக் சுட்ட பெற்றோர்கள், டிக்கெட் கிழித்த பாட்டிமார்கள். கேன்டீனில் என்னோடு நின்றவர்களில் பலர் நேராக வேலையிலிருந்து வந்தவர்கள். யாருக்கும் சம்பளம் இல்லை.

காலி இருக்கைகள் நிறைய இருந்த செவ்வாய்க்கிழமை ஆட்டங்களுக்கும் வந்து தொண்டை கட்டும்வரை கத்திய ரசிகர்களுக்கும் நன்றி. வீராங்கனைகளுக்கு அது காதில் விழுகிறது, அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த சீசன் செப்டம்பரில் தொடங்கும். கேன்டீன் பட்டியலில் இப்போதே ஆள் தேவைப்படுகிறது, முன்அனுபவம் வேண்டாம், ஸ்வீடிஷ் சரளமாக வராவிட்டாலும் பரவாயில்லை. வர விருப்பம் இருந்தால் ஆகஸ்ட் மாதத்துக்குள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெயரைச் சேர்த்துவிடுகிறேன்.