அரையாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும், பகலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளுக்கும் வணக்கம்.

போன வாரம் மதியச் சாப்பாடு முடிந்ததும் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் கழுவிய தட்டோடு என் மேசைப் பக்கம் வந்து நின்றான். "டீச்சர், ஓடிபி சொன்னா போலீஸ் பிடிக்குமா?" என்றான். மெல்ல விசாரித்தேன். அப்பாவின் போனில் விளையாடும்போது யாரோ ஓர் 'அண்ணா' பழக்கமாகியிருக்கிறார். இரண்டு மூன்று நாள் சேர்ந்து விளையாடிவிட்டு, விளையாட்டில் செலவழிக்கும் 'டைமண்ட்' வாங்கித் தருவதாகவும், அப்பா போனுக்கு வரும் நம்பரைச் சொன்னால் போதும் என்றும் கேட்டிருக்கிறார். நல்லவேளை, பையன் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலும் வாயைத் திறக்கவில்லை. ஏன்டா என்றால், "சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க."

அந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தக் கடிதம். (அவன் வீட்டில் பேசிவிட்டோம், அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.)

பிள்ளை வந்து "யாரோ என்னமோ கேக்குறாங்க" என்று சொன்னால் அடிக்காதீர்கள், போனையும் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்து முழுவதையும் கேளுங்கள். ஒரு முறை அடி வாங்கிய பிள்ளை அடுத்த முறை நம்மிடம் வராது. "வீட்ல சொல்லாதே" என்று சொல்லிக்கொடுக்கிறானே ஒருத்தன், அவனுக்கு வேண்டியதும் அதுதான். படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொண்டு குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள்; இரவிலும் எடுப்பார்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகாருக்கான எண் 1930. அதில் தாமதம் வேண்டாம், பணம் கை மாறிப் போவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழியுண்டு.

போனே கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. 2020-ல் பள்ளி மூடியிருந்தபோது "பாடம் போனில் வரும், கொடுங்கள்" என்று கேட்டதே நாங்கள்தான். பள்ளி திறந்த பிறகும் ஒன்றாம் வகுப்புக்குக்கூட வீட்டுப்பாடத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பழக்கியதும் நாங்கள்தான். ஜனவரியிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் நோட்டில் மட்டுமே வரும். ஆண்டு விழாப் படங்களைப் பிள்ளைகளின் பெயரோடு குழுவில் போட்டதும் எங்கள் தவறு, எடுத்துவிட்டோம். நீங்களும் சீருடையோடு, பேட்ஜ் தெரிய, வகுப்பும் பெயரும் எழுதி ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். பள்ளி வாசலில் நின்று பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பா கூட்டிட்டு வரச் சொன்னார்" என்று சொல்ல ஒருவனுக்கு அவ்வளவு விவரம் போதும்.

இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் இரண்டிலும் பிள்ளை தானாகக் கணக்கு வைத்துக்கொள்ள 13 வயது ஆகியிருக்க வேண்டும். நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கே பத்துதான். பாட்டி பெயரில் இன்ஸ்டாகிராம் வைத்திருக்கும் பிள்ளைகள் நம் பள்ளியிலேயே உண்டு, பாட்டிகளுக்குத்தான் தெரியாது.

உங்கள் போனில் 'ஆப் பின்னிங்' என்று ஒன்று இருக்கும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் செட்டிங்ஸில் செக்யூரிட்டி பக்கம் தேடினால் கிடைக்கும். அதைப் போட்டுக் கொடுத்தால், நீங்கள் திறந்து தந்த ஆப்பைவிட்டுப் பிள்ளை வேறெங்கும் போக முடியாது. வெளியே வர உங்கள் பின் நம்பர் கேட்கும்படி வைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு யூடியூப் கிட்ஸ் போதும். அப்புறம், கடைக்கு அனுப்பும் அவசரத்தில் ஜிபே பின் நம்பரைச் சொல்லிக்கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். போன் பார்ப்பது கூடத்தில், நாலு பேர் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். போர்வைக்குள் வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் எழுத்தில் படித்தால் குழப்பமாகத்தான் இருக்கும். பள்ளி திறந்ததும் வரும் முதல் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு ஐந்தாம் வகுப்பு அறையில் நாங்களே செய்து காட்டுகிறோம். வேலைக்குப் போகிறவர்கள் 6 மணிக்கு வந்தாலும் சரி, நான் இருப்பேன். வீட்டில் பிள்ளை எந்தப் போனைப் பார்க்கிறதோ அந்தப் போனையே எடுத்து வாருங்கள். சார்ஜ் போட்டு வாருங்கள், அறையில் ஒரே ஒரு பிளக்தான் வேலை செய்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்