சாவியைக் கொடுக்க முன் லைசன்ஸைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஓகஸ்ட் வந்தால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு வெளிநாட்டுப் பிள்ளைகள். நிலாவெளிக் கடல் அமைதியாகக் கிடக்கும் காலம், அவர்களுக்கும் பள்ளி விடுமுறை. என் அக்காவின் மகனும் லண்டனிலிருந்து வந்திருந்தான். வயது 28. அங்கே ஏழெட்டு வருடமாகக் கார் ஓடுகிறான். அங்கும் இடப்பக்கம், இங்கும் இடப்பக்கம். அதனால் என் சிறிய அல்டோவின் சாவியை அவனிடம் கொடுக்க நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

யோசித்தவன் அவன்தான். சாவியைக் கையில் வாங்கியபடி, "மாமா, இன்சூரன்சில என்ர பேர் இருக்கா?" என்று கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தம்பி, இஞ்ச இன்சூரன்ஸ் காருக்குத்தான், ஆளுக்கில்லை. ஆர் ஓடினாலும் சரி" என்றேன். 31 வருடம் அரச கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். என் சொல்லை அவன் நம்பினான்.

அன்றிரவு பத்தரை மணிக்கு நிலாவெளியிலிருந்து திரும்பும்போது சாம்பல்தீவுப் பக்கம் நடுவீதியில் மாடுகள். பகல் வெயிலின் சூடு தாரில் இருக்கும்வரை அவை அங்கேதான் படுத்திருக்கும். உள்ளூர்க்காரருக்குத் தெரியும், லண்டன் பிள்ளைக்குத் தெரியாது. மாட்டை விலக்கப்போய் ஒரு வீட்டு மதிலில் கொண்டுபோய் இடித்துவிட்டான். கடவுள் புண்ணியத்தில் ஆளுக்கும் காயமில்லை, மாட்டுக்கும் காயமில்லை. காரின் முன்பக்கம்தான் மிஞ்சவில்லை. பம்பர், ரேடியேட்டர், இரண்டு ஹெட்லைட், பொனெட் எல்லாம் போயிற்று.

நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேரும்போது பத்துப் பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். அதில் ஒருவர் என்னை ஓரமாக இழுத்து, "அண்ணன், அசெசர் வரமுன்னம் நீங்கள்தான் ஓடினனீங்கள் எண்டு சொல்லுங்கோ, பிரச்சினை முடிஞ்சுது" என்றார். எனக்கும் அந்த ஆசை வந்தது, மறைக்கவில்லை. ஆனால் நான் சாரத்தோடு வந்திருந்தேன், கண்ணாடியும் இல்லை, என் லைசன்ஸ் வீட்டு அலுமாரிக்குள். என்னை உண்மை பேச வைத்தது நேர்மை என்று சொன்னால் அதுவும் ஒரு பொய்தான்.

அசெசர், அதாவது சேதத்தை மதிப்பிடக் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் ஆள், மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். டயர்களுக்கு டோர்ச் அடித்துப் பார்த்தார், மதிலைப் படம் எடுத்தார், பிறகு லைசன்ஸ் கேட்டார். மருமகன் தன் இளஞ்சிவப்பு நிற அட்டையை நீட்டினான். அசெசர் அதன் முன்பக்கத்தை ஒரு படம், பின்பக்கத்தை ஒரு படம் எடுத்தார். அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் கையில் வைத்தபடியே, "இதுக்கு இஞ்சத்தைய தற்காலிக லைசன்ஸ் எடுத்தனீங்களோ?" என்றார். நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

மூன்று வாரத்தில் காப்புறுதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இலங்கையில் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத ஒருவர் வாகனத்தைச் செலுத்தியதால் இழப்பீடு தர இயலாது. கராஜில் சொன்ன கணக்கு நான்கு இலட்சத்துக்கும் மேல். மதில் தனி. நான் கட்டி வந்தது முழுக் காப்புறுதி, ஒரு வருடம்கூடத் தவறவிடாமல்.

நிறுவனத்தின் பெயரை நான் எழுதவில்லை, அவர்கள் மீது எனக்குக் கோபமும் இல்லை. பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் அந்த நிபந்தனை இருக்கிறது. காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதும்படி நண்பர்கள் சொன்னார்கள். நியாயமான இழப்பீட்டை நிறுவனம் மறுத்தால் போவதற்கென்றே இருக்கும் இடம் அது. என் விடயத்தில் நியாயம் என் பக்கம் இல்லை. வாசிக்காமல் கையெழுத்துப் போட்டவன் நான்.

மருமகன் ஏன் அப்படிக் கேட்டான் என்பது பிறகுதான் விளங்கியது. இங்கிலாந்தில் காப்புறுதி ஓடுபவரின் பெயரை வைத்தே எழுதப்படுகிறது. தகப்பனின் காரை மகன் ஓடுவதென்றாலும் மகனின் பெயர் பத்திரத்தில் இருக்கவேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண் தண்டம், லைசன்ஸில் 6 புள்ளி, காரையும் பொலிஸ் கொண்டுபோகலாம். சிலருடைய முழுக் காப்புறுதியில் பிறர் காரை ஓடும் அனுமதியும் சேர்ந்திருக்குமாம். ஆனால் அதுவும் மற்றவருக்கு நேரும் சேதத்துக்குத்தான். இரவல் வாங்கிய கார் நொறுங்கினால் ஒரு சதமும் வராது. அப்படிப்பட்ட நாட்டில் பழகியவன் முதலில் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னதுதான் அரைகுறை.

அரைகுறை என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே காப்புறுதி காரோடுதான் போகிறது என்பது பெரும்பாலும் உண்மை. உரிமையாளர் மனமறிந்து கொடுத்தால் வேறொருவர் ஓடலாம். ஆனால் அந்த வேறொருவரிடம் அந்த வகை வாகனத்துக்குரிய, காலாவதியாகாத அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும், குடித்திருக்கக்கூடாது, காரை என்ன பாவனைக்கென்று பதிந்தோமோ அதற்குத்தான் ஓடவேண்டும். இந்த மூன்றிலும் எங்கள் ஊரில் தினமும் வழுக்குகிறோம். மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு கார் ஓடும் தம்பிமாரை எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். சாதாரண வாகனங்களுக்கான அட்டையை 8 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். அதில் உள்ள திகதியைப் பார்க்கிறவர் எத்தனை பேர்?

பாவனை விடயம் இன்னும் மோசம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு ஆள் ஏற்ற அயலவரின் வானைக் கேட்கிறோம். "பெற்றோல் அடிச்சு, மேலால ஏதும் குடுங்கோவன்" என்பார். அந்த "ஏதும்" கைமாறியதும் அது ஹயர் ஓட்டம், அதாவது வாடகை ஓட்டம், ஆகிவிடுகிறது. தனியார் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வான் கந்தளாய்ப் பக்கம் இரவில் யானைக்கு முன்னால் போய் நின்றால், பிறகு அயலவரும் இல்லை, உறவும் இல்லை. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் உள்ள வாகனமென்றால் இவ்வளவு ஆராயவும் தேவையில்லை. நம் வாகனத்தின் சேதத்துக்கு அதில் எதுவுமே கிடையாது. எங்கள் ஒழுங்கையில் முக்கால்வாசி வாகனங்கள் அப்படித்தான் ஓடுகின்றன. ஓப்பன் பேப்பரில் வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓடுபவர்களின் கதைக்கு இன்னொரு கடிதம் வேண்டும்.

லைசன்ஸைக் கேட்பது எங்கள் வழக்கத்தில் ஒருவரை அவமதிப்பது போலத்தான். போன கிழமை பக்கத்து வீட்டுத் தம்பி கிண்ணியாவில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போகக் கார் கேட்டு வந்தார். கார் கராஜிலிருந்து வந்து நாலு நாள்தான். "தம்பி, குறை நினைக்காதேங்கோ, லைசன்ஸை ஒருக்காக் காட்டுங்கோ" என்றேன். சிரித்துக்கொண்டு எடுத்து நீட்டினார். திகதி மார்ச்சோடு முடிந்திருந்தது. அவருக்கே அது அப்போதுதான் தெரிந்தது. கார் போகவில்லை. அவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்கு ஒன்று. இலண்டன், கனடா அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓடமுடியாது. தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுக்க முன்பு கொழும்புப் பக்கம் வெரஹெரவில் உள்ள திணைக்கள அலுவலகத்துக்கு அலையவேண்டியிருந்தது. 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்திலேயே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அதற்கென ஒரு பீடம் திறந்திருக்கிறது. வந்து இறங்கும்போதே எடுத்துவிடலாம். எடுக்காதவருக்கு மாமா, சித்தப்பா யாரும் சாவி கொடுக்கவேண்டாம். ஆட்டோவுக்குக் காசு கொடுத்து அனுப்புங்கள், அது மலிவு.

காப்புறுதி நிறுவனங்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. திருகோணமலையில் காரியாலயம் திறக்கிறீர்கள், பெயர்ப்பலகை மூன்று மொழியிலும் எழுதுகிறீர்கள், முகவர் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துத் தமிழில்தான் பேசுகிறார். யார் ஓடலாம், யார் ஓடக்கூடாது என்ற அந்த ஒரு பந்தியை மட்டும் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துத் தர எவ்வளவு செலவாகும்? அடுத்த மாதம் என் காப்புறுதி புதுப்பிக்க வருகிறது. அந்தத் தாள் தந்தால்தான் காசு என்று முகவரிடம் சொல்லியிருக்கிறேன். "பாப்பம் ஐயா" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.