எங்கள் முட்டையைப் பற்றிப் பரவும் காணொளி குறித்து வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மதுராந்தகத்தை அடுத்த எங்கள் பண்ணையில் தொட்டிகளில் நெளியும் புழுக்களைப் படம்பிடித்து, “நாட்டுக்கோழி முட்டை வாங்குகிறவர்கள் இதைப் பாருங்கள்” என்ற வரியுடன் யாரோ அனுப்பிய காணொளி, மடிப்பாக்கம், நங்கநல்லூர் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. பண்ணை எங்களுடையதுதான், அதை மறைக்க எங்களுக்குக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் அவற்றை “அழுகல் புழு” என்று அதில் சொல்லியிருப்பது எங்களை மிகவும் வருத்தியதால், சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

அவை பிளாக் சோல்ஜர் ஃபிளை என்னும் ஈயின் புழுக்கள். கோழித் தீவனத்தில் புரதத்துக்காக முன்பு சோயா புண்ணாக்கும் உப்பில்லாக் கருவாடும் சேர்த்து வந்தோம். இரண்டின் விலையும் ஏறிக்கொண்டே போனது. கருவாடு சற்றுக் கூடினாலும் முட்டையில் வாடை வருகிறது என்று உங்களில் பலரே சொல்லியிருக்கிறீர்கள். உலர்த்திய இந்தப் புழுவின் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு புரதம். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. புழு வளர்ந்து ஈயான பின்னும், வீட்டு ஈயைப் போல அது சோற்றில் வந்து மொய்ப்பதில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பைக் கொண்டே பெரும்பாலும் வாழ்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிந்துவிடும். புழுக்களுக்கு நாங்கள் போடுவது கோயம்பேட்டில் கழிக்கப்படும் காய்கறியும் பழமும் மட்டுமே. இறைச்சிக் கழிவு அறவே கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம்கூட 2021ஆம் ஆண்டிலேயே கோழித் தீவனத்தில் பூச்சிப் புரதத்தை அனுமதித்துவிட்டது.

மேய்ச்சலில் விட்ட கோழி புழுவையும் கரையானையும்தான் கிளறித் தின்னும் என்பது, ஊரில் கோழி வளர்த்த எவருக்கும் தெரியும். கோழி இருக்கட்டும், மழைக்குப் பின் கிளம்பும் ஈசலை வறுத்துப் பொரியோடு தின்றவர்கள் நம்மிடையேயும் உண்டு. ஒடிசாவின் மயூர்பஞ்ச் மாவட்டத்துச் செவ்வெறும்புச் சட்னிக்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்தது. குறைந்தது 200 கோடி மக்களின் உணவில் பூச்சிகள் இடம்பெறுவதாக ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. உங்களைத் தின்னச் சொல்லி இதை எழுதவில்லை (எங்கள் வீட்டிலேயே அதற்கு ஆளில்லை). கோழிக்கு இயல்பான இரையை அருவருப்பு என்று தூற்றுவது நியாயமன்று என்பதற்காகவே எழுதுகிறோம். தானியம் மட்டும் தின்ற கோழியின் முட்டையைத் தனியாகக் கேட்டவர்களுக்கு, அவ்வாறு பிரித்துத் தர இயலாது என்பதையும் பணிவுடன் தெரிவிக்கிறோம்.

2015 வெள்ளத்தில் கடை மூழ்கி, மீண்டும் திறந்தபோது தேடி வந்தவர்கள் நீங்கள். இப்போதும் காணொளியைப் பரப்பியவர்களிடம் “நேரில் போய்ப் பார்த்தீர்களா?” என்று எங்களுக்காகக் கேட்ட அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

மக்காச்சோள விலையேற்றத்தால் வரும் 1ஆம் தேதி முதல் முட்டைக்கு 2 ரூபாய் கூடுகிறது. புதன்கிழமை வீட்டு விநியோகம் இராது.

ஞாயிறு காலையில் பண்ணையைப் பார்க்க விரும்புவோர் முதல்நாளே கடையில் சொல்லிவிட்டால், வழிகாட்ட ஆள் ஏற்பாடு செய்கிறோம்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர்
மடிப்பாக்கம், சென்னை