சென்னை பட்டாளம் சாயங்காலக் கடைப் பெண்களின் நன்றி மடல்

பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு உறவுகளுக்கு வணக்கம்.

நாங்கள் பட்டதெல்லாம் உங்கள் கண்ணெதிரே நடந்ததுதான். நேற்று சாயங்காலம் எல்லாக் கடையும் போட்டாகிவிட்டது. தினம் வந்து கடன் வசூலிக்கும் தண்டல்காரர் வண்டிச் சத்தம் கேட்காமலே இருட்டியது. அந்த நிம்மதியோடு எழுதுகிறேன்.

முனை மளிகைக்கடை அண்ணாச்சிக்குத்தான் முதல் நன்றி. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் கடைக்குப் பக்கத்திலேயே கீரையும் சுண்டலும் விற்க உட்கார்ந்தோம். முதல் எதிர்ப்பு அவரிடமிருந்துதான் வரும் என்று பயந்திருந்தோம். ஆனால் எங்களை வாட்டியது சில்லறை. பத்து ரூபாய்ச் சுண்டலுக்கு இருநூறு ரூபாய் நோட்டு நீட்டுவார்கள். சித்தாள் வேலை முடித்து வருகிற அக்காக்களும், பழைய மில் தாத்தாக்களும் போனில் பணம் போடுகிறவர்கள் இல்லை. வந்த ஆள் திரும்பிப் போகிறதை அண்ணாச்சி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் பிஸ்கட் டின் நிறையக் காசும் பத்து ரூபாய்த் தாளும் கொண்டுவந்து வைத்தார். "எல்லாரும் எடுத்துக்கிடுங்கம்மா, ராத்திரி நோட்டா குடுங்க, போதும்."

நோட்டுப் புத்தகம் கிடையாது, வட்டி கிடையாது. தண்டல்காரரிடம் 10,000 என்று பேசி 8,500 கையில் வாங்கி, தினம் நூறு நூறாகக் கட்டியவர்கள் நாங்கள். அண்ணாச்சி அந்த டின்னை எண்ணி நான் பார்த்ததே இல்லை. ஒரு ராத்திரிகூடக் குறைந்ததும் இல்லை.

1996ல் பின்னி துணி மில் மூடியதிலிருந்து, பெரிதாக ஏதாவது வந்தால்தான் இந்தப் பக்கம் பிழைக்கும் என்றே பேசிக்கொண்டிருந்தோம். இங்கே சம்பாதித்த பத்து ரூபாய் இங்கேயே நாலு கை மாறினால் எத்தனை அடுப்பு எரிகிறது என்று இப்போதுதான் பார்க்கிறேன். சுண்டல் விற்ற காசு மீன்காரம்மாவிடம் போகிறது, அங்கிருந்து தையல் கடைக்கு, கடைசியில் அண்ணாச்சியிடமே வருகிறது.

கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் தரும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது என்று 2014 தெருவோர வியாபாரிகள் சட்டத்தைப் படித்துச் சொன்ன வக்கீல் தங்கை, தெருவோர வியாபாரிகளுக்கான மத்திய அரசின் ஸ்வநிதிக் கடனுக்கு மனு எழுதித் தந்த பிள்ளைகள், இடம் ஒதுக்கித் தந்த ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணன்கள், விடியற்காலையில் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

இனி புதிதாகக் கடை போடுகிற யாருக்கும் எங்கள் குழுச் சேமிப்பிலிருந்து ஒரு சில்லறை டின் போகும். இன்னும் தண்டலில் மாட்டியிருக்கிற இரண்டு பேரைப் பொங்கலுக்குள் மீட்டுவிடுவோம். அந்தச் சட்டப்படி தெருக்கடைகளைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளுக்கு 40 சதவீதத்துக்குக் குறையாத இடம், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அந்தக் குழுவின் அடுத்த தேர்தலில் நம் தெருப் பெண் ஒருத்தி நிற்பாள். வியாபாரி அடையாள அட்டை வைத்திருக்கும் எல்லோரும் தவறாமல் வந்து ஓட்டுப் போடுங்கள்.

குழுப் பெண்கள் சார்பில்,
சுண்டல் கடை அக்கா