கடலோர மாவட்ட ஆட்சியர்களுக்கு: டவர் விழுந்த பிறகு எங்களைத் தேடாதீர்கள்

மதிப்புக்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாவட்டங்கள் 14. திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை அத்தனை ஆட்சியர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உங்கள் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கு நீங்கள்தான் தலைவர். வேறு யாருக்கு மனு போட்டாலும் சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்குத்தான் வரப்போகிறது. அதனால் நேராகவே எழுதிவிடுகிறேன்.

நான் ஓர் அமெச்சூர் ரேடியோ கிளப்பின் உறுப்பினர். ஹாம் ரேடியோ என்றால் இன்னும் கொஞ்சம் பேருக்குப் புரியும். மத்திய அரசில் அலைவரிசைகளை நிர்வகிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவு வைக்கும் தேர்வை எழுதி, உரிமமும் கால் சைனும் (ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாளக் குறியீடு) வாங்கி, சொந்தக் காசில் ரேடியோ செட் வாங்கி, வீட்டு மொட்டைமாடியில் ஆண்டெனா கட்டிப் பேசுகிறவர்கள் நாங்கள். 12 வயது ஆன யாரும் அந்தத் தேர்வை எழுதலாம். எங்கள் கிளப்பில் ஓய்வுபெற்ற தந்தி அலுவலர் இருக்கிறார், மின்வாரிய ஊழியர் இருக்கிறார், பாலிடெக்னிக் மாணவர்களும் மளிகைக்கடைக்காரர் ஒருவரும் இருக்கிறார்கள். இந்த அலைவரிசைகளில் காசு வாங்கிக்கொண்டு ஒரு செய்திகூட அனுப்பக் கூடாது என்பது விதி. ஆகவே இது டெண்டர் கேட்கும் கடிதமோ நிதி கேட்கும் கடிதமோ இல்லை.

சொல்ல வந்தது ஒன்றுதான். மழை கொட்டித் தீர்த்து, செல்போன் டவரெல்லாம் ஓய்ந்து, மூன்றாம் நாள் "இந்த ஹாம்காரங்க யாராவது இருக்காங்களா, பாருங்கப்பா" என்று தேடாதீர்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நீங்கள் நடத்தும் ஆய்வுக் கூட்டத்திலேயே எங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தாமிரபரணி கரை மீறியது. குளங்கள் உடைந்தன. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், தண்டவாளத்துக்கு அடியில் மண் இல்லை. பிறகு ஹெலிகாப்டர் போய்த்தான் உணவு போட்டது. அந்த நாட்களில் பல ஊர்களில் மின்சாரமும் இல்லை, செல்போனும் இல்லை. சென்னையிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகள் ஏரலுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் விடாமல் போன் போட்டார்கள். "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்ற பதிவுக்குரல்தான் பதிலாக வந்தது. ஒரு கிராமத்தில் எல்லோரும் மாடியில் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற ஒரு வரிச் செய்தி பத்துக் கிலோமீட்டர் தாண்டி வெளியே வருவதற்குள் எத்தனை வீட்டில் அழுகை!

செல்போன் ஏன் இப்படிக் கைவிடுகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்குத் தெரிந்த கதைதான். டவரில் இருக்கும் பேட்டரி சில மணி நேரம் தாங்கும். அப்புறம் ஜெனரேட்டர். அதற்கு டீசல் கொண்டுபோகும் சாலை தண்ணீருக்குள் இருக்கும். டவரே நின்றாலும், பாலத்தோடு சேர்ந்து ஃபைபர் அறுந்துவிட்டால் அது வெறும் இரும்புக் கம்பம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது டவர், மின்கம்பம், தென்னை எல்லாமே ஒரே இரவில் போய்விட்டன.

எங்கள் சாமான்கள் அப்படி இல்லை. ஏழு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு வேண்டியது மொத்தம் 20 மீட்டர் நீளச் செம்புக் கம்பி. அதை நடுவில் வெட்டி, அங்கே செட்டிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளைச் சேர்த்து, இரண்டு முனையையும் நைலான் கயிறு போட்டு மரத்தில் இழுத்துக் கட்டினால் ஆண்டெனா தயார். (கஜாவைப் போல மரமே நிற்காத இடமென்றால் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் தூண் போதும்.) இந்தக் கம்பியை உயரத்தில் கட்டாமல் கொஞ்சம் தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய், வானடுக்கில் பட்டு, சுற்றுவட்டாரம் முழுக்க இறங்கும். பகல் நேரத்தில் இருநூறு முந்நூறு கிலோமீட்டருக்கு நடுவில் மலை இருந்தாலும் கவலையில்லை, டவரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். மின்சாரத்துக்கு ஒரு டிராக்டர் பேட்டரி. மாவட்டத்துக்குள் பேச, கையடக்கமான ஹேண்டி செட்டும் உயரமான இடத்தில் ஒரு ரிப்பீட்டரும் (வரும் பேச்சை வாங்கி மறுபடி அனுப்பும் கருவி) போதும்.

ஆனால் கருவி பாதிதான். மீதி, செய்தியை வாங்கி அனுப்பும் பழக்கம். அதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தால்தான் புரியும்.

ஒரு புயல் பாதுகாப்பு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம நிர்வாக அலுவலர் பதற்றத்தில் இருக்கிறார். "சார், ஏகப்பட்ட பேர் இருக்காங்க, ஒண்ணுமே இல்ல, சீக்கிரம் அனுப்புங்க" என்பார். அதை அப்படியே மைக்கில் சொல்வதில் பயன் இல்லை. ஹாம் ஆபரேட்டர் ஒரு தாளை எடுப்பார். எந்த மையம், எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை, இன்சுலின் போடுகிறவர் எத்தனை, நிறைமாதம் யாராவது உண்டா, ஜெனரேட்டருக்கு டீசல் எத்தனை மணி வரை வரும் என்று கேட்டு எழுதுவார். எழுதியதை அலுவலரிடம் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார். பிறகுதான் மைக்கைத் தொடுவார். 'இருநூற்றுப் பன்னிரண்டு' என்று சொல்ல மாட்டார், 'இரண்டு, ஒன்று, இரண்டு' என்பார். இரைச்சலில் அறுபதும் எழுபதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். அப்புறம் ஊர்ப் பெயர். உங்கள் மாவட்டத்தில் எத்தனை புதூர் இருக்கிறது என்று வருவாய்த் துறையைக் கேட்டுப் பாருங்கள். எந்த வட்டம், எந்தப் பிர்கா, எந்தப் புதூர் என்று தெளிவாக வரவில்லை என்றால் பால் பவுடர் லாரி வேறு புதூருக்குப் போய் நிற்கும். அந்த முனையில் இருப்பவர் முழுவதையும் திருப்பிப் படிப்பார். இவர் சரி என்று சொன்னால்தான் செய்தி போனதாகக் கணக்கு. நேரமும் பதிவேட்டில் ஏறும். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் கூடிப் பேசும் 'நெட்'டில் நடப்பதே இந்தப் பயிற்சிதான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு அது வெட்டிப் பேச்சாகத் தோன்றும். தோன்றட்டும்.

"போலீஸ் வயர்லெஸ் இருக்கிறதே, சாட்டிலைட் போன் இருக்கிறதே" என்று உங்கள் அலுவலகத்தில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போலீஸ் வயர்லெஸ் மீட்பு வேலைக்கும் போக்குவரத்துக்கும் சட்டம் ஒழுங்குக்கும் நிரம்பி வழியும் நேரம் அது. 'முகாமில் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை' என்ற செய்திக்கு அதில் எப்போது முறை வரும்? சாட்டிலைட் போன் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கும், அதுவும் பெரிய அதிகாரிகளிடம். கிராம நிர்வாக அலுவலர் கைக்கு அது வராது. 2023-இல் எல்லோருடைய போனிலும் அலறிச் சோதித்துப் பார்த்தார்களே, அந்த அவசர எச்சரிக்கை நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது மேலிருந்து கீழே மட்டும் பேசும், அதுவும் டவர் உயிரோடு இருக்கும் வரை. கீழே இருப்பவர் மேலே சொல்ல வேண்டியதற்கு வழி வேண்டும். எந்தத் துறையின் வேலையையும் பிடுங்கிக்கொள்ள நாங்கள் வரவில்லை. இடையில் விட்டுப்போகும் அந்தச் செய்திகளைச் சுமக்கத்தான் வருகிறோம்.

முன்கூட்டியே இருப்பதற்கு என்ன பலன் என்று கேட்டால் போர்ட் பிளேரைச் சொல்வேன். அந்தமானிலிருந்து ஹாம் ரேடியோ பேச அனுமதி கிடைப்பதே அரிது. பல ஆண்டுகள் அலைந்து அனுமதி வாங்கி, பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு 2004 டிசம்பரில் அங்கே போயிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு அது. உலகம் முழுக்க இருக்கும் ஹாம்கள் அந்தமானோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று வரிசைகட்டி நின்றார்கள். பொழுதுபோக்கு என்றுதான் அதைச் சொல்ல வேண்டும். டிசம்பர் 26 காலை பூமி ஆடியது, கடல் ஏறியது, தீவுகளின் தொலைபேசி விழுந்தது. அந்தக் குழு கொண்டாட்டத்தை அந்த நிமிடமே நிறுத்திவிட்டு அவசரச் செய்திகளுக்கு மாறியது. கார் நிகோபார் வரை ஆள் போய் செட் வைத்தார்கள். தீவில் இருப்பவர் பிழைத்திருக்கிறாரா என்று மெயின்லேண்டில் தவித்தவர்களுக்கு அவர்கள் வழியாகத் தகவல் போனது. அவர்கள் அசகாய சூரர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஆண்டெனா ஏற்கெனவே நின்றிருந்தது, ஆபரேட்டர்கள் ஏற்கெனவே மைக் முன்னால் இருந்தார்கள். காரணம் அவ்வளவுதான். நம் நாகப்பட்டினம் கடற்கரையை அதே அலை அதே காலையில் அடித்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதே சுனாமியில் இலங்கை ஹாம்கள் அம்பாந்தோட்டைக்கு செட்டோடு போய் அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு கொடுத்தார்கள்.

கிட்டத்து உதாரணம், 2024 ஜூலை 30-இல் வயநாட்டின் சூரல்மலையிலும் முண்டக்கையிலும் நடந்த நிலச்சரிவு. கல்பற்றாவில் ஆட்சியர் அலுவலகத்திலேயே ஹாம்களுக்கு இடம் கொடுத்து நிலையம் வைத்தார்கள். பேரிடர்தான் என்றில்லை, மேற்கு வங்கத்தில் கங்காசாகர் மேளாவில் ஆண்டுதோறும் கூட்டத்தில் தொலைந்துபோகும் வயதானவர்களை அவரவர் குடும்பத்தோடு சேர்த்துவைப்பதை அங்குள்ள ரேடியோ கிளப் ஒரு கடமையாகவே செய்கிறது. நம் ஊரில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கும் திருச்செந்தூர் சூரசம்ஹாரத்துக்கும் வரும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். பேரிடருக்கு ஒத்திகை பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செல்போன் அங்கேயும் நெரிசலில் திணறத்தான் செய்யும்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் உங்கள் அலுவலர்கள் சொல்லிவிடுவார்கள். வெள்ளம் என்றதும் ஹேண்டியைத் தூக்கிக்கொண்டு, புகைப்படம் எடுப்பதற்காகவே வந்து நிற்கும் ஹாம்களும் உண்டு. மைக் கிடைத்தால் வானிலை ஆய்வாளராகிவிடுகிறவர்களும் உண்டு. உரிமம் வாங்கிவிட்டு ஒரு நாளும் பேசாதவர்கள் இன்னும் அதிகம். இதற்கெல்லாம் மருந்து, யார் வரலாம் யார் வரக் கூடாது என்று முன்னாலேயே பட்டியல் போடுவதுதான். பட்டியலை நீங்கள் கேளுங்கள். கால் சைன், உரிமத்தின் நிலை, என்ன செட், எத்தனை நாள் வீட்டை விட்டு வர முடியும் என்பது வரை எழுதித் தருகிறோம். தகுதியில்லாதவர் பெயரை நாங்களே சேர்க்க மாட்டோம்.

அந்தப் பட்டியலுக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் நிவாரண முகாமுக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் உறுப்பினர் ஒருவரை, கையில் வாக்கி டாக்கி இருக்கிறதே என்று ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்திவிட்டார்கள். உரிமத்தைக் காட்டினார். அந்தக் காவலர் அப்படி ஓர் உரிமத்தை வாழ்நாளில் பார்த்ததில்லை. அவர்மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அரை நாள் அங்கேயே போயிற்று. நீங்கள் கையெழுத்திட்ட ஓர் அடையாள அட்டையும் காவல் நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் இருந்திருந்தால் அது ஒரு நிமிட வேலை.

சட்டம் தடுக்கிறதோ என்ற தயக்கம் வேண்டாம். ஜெனீவாவில் 2003-இல் நடந்த உலக வானொலி மாநாடு, பேரிடர் காலத் தகவல் தொடர்புக்கு அமெச்சூர் நிலையங்கள் முன்கூட்டித் தயாராவதற்கும் வழிசெய்யுமாறு எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டு சர்வதேச விதியிலேயே அதைச் சேர்த்திருக்கிறது. டபிள்யூ.பி.சி.யிடம் ஏதாவது அனுமதி வாங்க வேண்டியிருந்தால் அந்த விண்ணப்பம் எங்கள் பொறுப்பு. சாதாரணமாக அலைகிற அலைச்சல்தான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவு. ஆட்சியர் அலுவலக மொட்டைமாடியில் ஒரு குழாய் நடவும் இடிதாங்கியோடு எர்த் கொடுக்கவும் இடம். அங்கிருந்து, 1077 என்ற எண்ணில் பேரிடர் அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை வரை ஒரு கேபிள். அந்த அறையின் மூலையில் ஒரு மேசை, ஜெனரேட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட். மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் எங்கள் பெயர்களும் கால் சைன்களும். இதோடு ஆண்டுக்கு ஒரு நாள் ஒத்திகை. அது ரிப்பன் வெட்டிக் கைதட்டும் ஒத்திகையாக இருக்கக் கூடாது. உங்கள் வட்டாட்சியர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் காலை முதல் மாலை வரை செல்போனை அணைத்துவிட்டு, முகாம் கணக்கு முழுவதையும் ரேடியோ வழியாக மட்டும் உங்களுக்கு அனுப்ப வேண்டும். எத்தனை செய்தி சரியாக வந்தது, எத்தனை தப்பாக வந்தது என்று சாயங்காலம் உட்கார்ந்து எண்ணுவோம். தப்பாக வந்தவற்றுக்கு எங்களைத் திட்டலாம்.

செப்டம்பர் கடைசிக்குள் ஒரு வேலை நாளைச் சொல்லுங்கள். குழாய், கேபிள், கயிறு, ஏணி எல்லாம் நாங்களே கொண்டுவருகிறோம். மாடிக் கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் உங்கள் நேர்முக உதவியாளரைக் கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலோர மாவட்டமொன்றின் அமெச்சூர் ரேடியோ கிளப் உறுப்பினர்